தணிகை தரும் பாடம்

ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும் இரவில் திருத்தணிகை மலையைக் கண்டவர் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார். ஆண்டின் நாள்களுக்கு ஈடாக 365 படிகள். படிதோறும் பூசை, படிதோறும் கற்பூரம், படிதோறும் திருப்புகழ். இந்தப் படித் திருவிழா எப்படிப் பிறந்தது தெரியுமா? வெள்ளையர் ஆண்ட காலத்தில், புத்தாண்டு பிறந்தால் மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரைமார் பங்களா வாசலில் காத்துக் கிடப்பது நம்மவர் வழக்கமாய் இருந்தது. அந்தச் சலாம் வழக்கத்தை ஒழிக்கவே, துரையை வணங்குவதை விட்டுத் தணிகை முருகனை வணங்க வாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அன்பர்களை மலைக்கு அழைத்தார் என்பர்.

பக்தர்கள் இதில் பக்தியைக் காணட்டும். நாம் இதில் ஓர் அரசியல் பாடத்தையும் காண்கிறோம். துரை பெரியவனானது அவன் கையிலிருந்த சட்டப் புத்தகத்தால் மட்டுமன்று. அவன் வாசலில் வளைந்து நின்ற முதுகுகளாலும்தான்.

அந்தப் பாடம் இன்று உலகுக்கே தேவைப்படுகிறது. அமெரிக்க ஜனாதிபதியின் அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்று அந்நாட்டு அறிஞர்கள் கேட்கிறார்கள். அது அவர்கள் வீட்டுக் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது முதலில் 25 சதவீதம், ருஷிய எண்ணெயை வாங்குவதற்காக மேலும் 25 சதவீதம், ஆக 50 சதவீத வரி விதித்தார் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப். அந்நாட்டு அரசியல் சட்டம் வரி விதிக்கும் உரிமையைச் சட்டமன்றத்துக்கே தந்திருக்கிறது. அவரோ 1977-ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டம் ஒன்றைக் காட்டி, தம் கையெழுத்து ஒன்றினாலேயே அதை விதித்தார். வாஷிங்டனில் பேனா அசைந்தது; திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளியின் வயிறு கலங்கியது. ஆகவே அந்த நாற்காலியின் பலம் நம் வீட்டுக் கவலையும் ஆகும்.

அந்த நாற்காலிக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? சட்டம் தந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. சட்டம் பழைய சட்டந்தான். மாறியது கட்சி.

அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியோர் கட்சி என்ற சொல்லையே அதில் எழுதவில்லை. முதல் ஜனாதிபதி வாஷிங்டன், 1796-ல் விடைபெறும்போது, கட்சி வெறி நாட்டைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். ஆயினும் கட்சிகள் வளர்ந்தன. வளர்ந்த கட்சிகள் கேடு மட்டுமே செய்தன என்று நாம் சொல்லமாட்டோம். அவை ஒரு பெரிய நன்மையும் செய்தன: தலைவனுக்குக் கடிவாளம் போட்டன.

1936-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்று வந்தார். அவருக்கு மிஞ்சிய செல்வாக்கு எவருக்கு உண்டு? ஆனால் மறு ஆண்டில், தம் திட்டங்களுக்குத் தடையாக நின்ற உச்ச நீதிமன்றத்தில் புதிய நீதிபதிகளைச் சேர்க்க அவர் மசோதா கொண்டுவந்தபோது, அதைத் தடுத்தது எதிர்க்கட்சியா? இல்லை. முக்காற்பங்குக்கு மேல் அவருடைய கட்சியினரே அமர்ந்திருந்த செனட் சபையே அதைக் குப்பைக் கூடைக்கு அனுப்பியது. 1974-ல் நிக்சன் வாட்டர்கேட் ஊழலில் சிக்கினார். அவருடைய கட்சியின் மூத்த தலைவர்களே வெள்ளை மாளிகைக்குச் சென்று, செனட்டில் உமக்கு ஆதரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார்கள். இரண்டே நாளில் அவர் பதவியைவிட்டு இறங்கினார்.

2021 ஜனவரி 6-ல் பார்லிமெண்ட் கட்டடத்துக்குள்ளேயே கூட்டம் புகுந்து தாக்கியது. அதற்காக டிரம்ப்மீது குற்றச்சாட்டு வந்தது. கீழ்ச்சபையில் அவர் கட்சியினர் பத்துப் பேர் மனச்சாட்சிப்படி அவருக்கு எதிராக வாக்களித்தனர். செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றனர், தேவைப்பட்டதோ 67. அவர் தப்பினார். அந்தப் பத்துப் பேர் என்ன ஆனார்கள்? 2022 தேர்தலில் நால்வர் போட்டியிடாமலே ஒதுங்கினர்; நால்வர் கட்சியின் உள்தேர்தலிலேயே தோற்றனர்; மீண்டு வந்தவர் இருவர். அந்த இரண்டு என்ற எண்ணைக் கண்ட பிறகு எந்த உறுப்பினருக்கு வாய் திறக்கத் துணிவு வரும்?

காரணம் என்னவென்றும் பார்க்க வேண்டும். முன்னாளில் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது கட்சி மாநாடு. 1968-ல் ஹம்ப்ரி என்பவர் ஓர் உள்தேர்தலில்கூட நிற்காமல், கட்சிப் பெரியவர்களின் கைகளாலேயே வேட்பாளரானார். அதைக் கண்டு தொண்டர்கள் கொதித்தனர். அவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. அதன் பின்னர், 1972 முதல், உள்தேர்தல் வாக்குகளே எல்லாவற்றையும் முடிவு செய்யலாயின. நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றந்தான். ஆனால் தலைவன் கட்சியைத் தாண்டி மக்களிடம் நேரே பேசத் தொடங்கியதும், இடையிலிருந்த கட்சி வெற்றுக் கூடாகிவிட்டது. கட்சி தலைவனைத் தேடிய காலம் போயிற்று; தலைவன் கட்சியை உடுத்திக்கொள்ளும் காலம் வந்தது.

அமெரிக்காவைக் குறை சொல்லும் முன் நம் வாசலைப் பார்ப்போம். அதற்கும் தணிகைக்கே திரும்ப வேண்டும்.

1888-ல் அவ்வூரில் ஒரு குழந்தை பிறந்தபோது அது வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1911-ல் சித்தூர் ஜில்லாவுக்குள் போயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அந்த ராஜ்யத்துக்குப் போயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்துக்குத் திரும்பியது. அவ்வூரில் பிறந்த குழந்தை 1962-ல் இந்தியக் குடியரசின் தலைவரானார். அவரே டாக்டர் இராதாகிருஷ்ணன். ஊரின் கதையும் சரி, அந்த ஊரின் மைந்தருடைய கதையும் சரி, ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன.

முதலில் ஊரின் கதை. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 58 நாள் உண்ணாவிரதமிருந்து உயிர் துறந்தார். நான்கே நாளில் ஆந்திர ராஜ்யம் அமைப்போம் என்று பிரதம மந்திரி நேரு அறிவித்தார். ராஜ்யம் பிறந்தது, அது நியாயமே. ஆனால் எல்லைக்கோடு ஜில்லாக் கணக்கில் விழுந்தது. ஜில்லாவோடு சேர்த்துத் தமிழ் பேசும் தணிகையும் போயிற்று. டெல்லியில் ஆண்டதும் காங்கிரஸ். சென்னையில் ஆண்டதும் காங்கிரஸ். ஆந்திரத்தில் ஆட்சிக்கு வந்தவர்களுள்ளும் காங்கிரஸ்காரர் உண்டு. அந்தக் கட்சியின் ஒழுங்குப்படி நடந்திருந்தால், தணிகைக்காகப் பேச ஒரு நாவும் எழுந்திராது.

ஆனால் எழுந்தது. சுதந்தரப் போரில் சிறை கண்ட காங்கிரஸ்காரர் ம.பொ.சிவஞானம், தம் கட்சியின் சர்க்காருக்கு எதிராகவே வடக்கெல்லைக் கிளர்ச்சியைத் தொடங்கினார். தணிகை வட்டாரத்தில் தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராக நடந்து மக்களை எழுப்பினார். சிறை நிறைந்தது. கட்சியா, எல்லையா என்ற கேள்வி வந்தபோது ம.பொ.சி. எல்லையையே தேர்ந்தார், காங்கிரசோடு அவருக்கிருந்த உறவு அறுந்தது. அவருடைய மற்றக் கொள்கைகளில் நமக்கு உடன்பாடு உண்டா, இல்லையா என்பது இங்கே பேச்சன்று. அந்த ஒரு கணத்தில் அவர் முதுகு வளையவில்லை என்பதே பேச்சு.

விளைவு என்ன? விவகாரத்தை ஆராயப் படாஸ்கர் நியமிக்கப்பட்டார். அவர் தீர்ப்பின்மீது சென்னை முதலமைச்சர் காமராஜரும் ஆந்திர முதலமைச்சர் நீலம் சஞ்சீவ ரெட்டியும் இணங்கினர். 1959-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் இப்பால் வந்தன. செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சில பகுதிகள் அப்பால் சென்றன. எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட தமிழரும், இப்பால் தங்கிவிட்ட தெலுங்கரும் இன்றளவும் சந்தையிலும் சம்பந்தத்திலும் கலந்தே வாழ்கிறார்கள். போரின்றி ஓர் எல்லை திருத்தப்பட்டதே, உலகில் இது அடிக்கடி நடக்கும் காரியமா?

இனி மைந்தரின் கதை. இராதாகிருஷ்ணன் எந்தக் கட்சிக்கும் உறுப்பினர் அல்லர். 1962-ல் சீனப் படை எல்லை கடந்தபோது, சர்க்காரின் ஏமாளித்தனத்தையும் அசட்டையையும் அவர் மூடி மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சுட்டிக்காட்டினார். பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனனைக் காப்பாற்ற நேரு எவ்வளவோ முயன்றார். காங்கிரஸ் உறுப்பினர்களே விடவில்லை. நாடே தெய்வமாகக் கொண்டாடிய நேரு, தம் கட்சியின் குரலுக்குப் பணிந்து நண்பரை மந்திரிசபையிலிருந்து விலக்கினார். அதனால் நேரு சிறியவரானாரா? இல்லை, குடியாட்சி பெரிதாயிற்று. 1967-ல் பதவி முடியும் வேளையில், குடியரசு நாளையொட்டிய உரையிலும் நிர்வாகத்தின் திறமைக்குறைவையும், நாட்டின் வளம் பாழாவதையும் இராதாகிருஷ்ணன் கண்டித்தார். சட்டப்படி அவர் கையில் இருந்த அதிகாரம் சொற்பம். ஆனால் அவர் சொல்லுக்குப் பலம் இருந்தது. அதைக் கேட்டு அசையக்கூடிய ஒரு கட்சி அன்று இருந்ததே அதற்குக் காரணம்.

பிறகு வந்தது 1969. குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தார். காங்கிரஸ் மேலிடம், தணிகை எல்லையை முடித்துக்கொடுத்த அதே சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. அவர் பெயரை முன்மொழிந்தவரே பிரதம மந்திரி இந்திரா காந்திதான். பின்னர் அவரே, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொன்னார். இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு வி.வி.கிரி வென்றார். காமராஜரும் அவர் கூட்டாளிகளும் வீழ்ந்தனர். ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

மேலிடத்தாரின் ஆணவம் ஒழிந்தது என்று அன்று தமிழ்நாட்டிலும் மகிழ்ந்தோர் பலர். மனச்சாட்சி என்ற சொல் அழகான சொல்தான். ஆனால் அன்றைக்கு நடந்தது என்ன? கட்சிக்கு அடங்கியிருந்த தலைமை ஒழிந்தது. தலைமைக்கு அடங்கிய கட்சி பிறந்தது. ஆறே ஆண்டுகளில் அதன் முழு வடிவத்தை நாடு கண்டது. 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். மந்திரிசபைக்கோ மறுநாள் காலையில்தான் சேதி தெரியும். மனச்சாட்சியின் பெயரால் பிறந்த கட்சியில், அந்த இரவில் கேள்வி கேட்க ஒரு மனச்சாட்சிகூட விழித்திருக்கவில்லை. இந்தியாவே இந்திரா என்று கட்சித் தலைவர் பரூவாவே முழங்கினார். 1976 ஜனவரி 31-ல் தமிழகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி ஒரு கையெழுத்தில் கவிழ்ந்தது.

1978-ல் 44-ஆம் திருத்தம் வந்தது. மந்திரிசபையின் முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடி நிலைப் பிரகடனம் கூடாது என்று அது விதித்தது. மந்திரிசபையின் ஆலோசனையைக் குடியரசுத் தலைவர் ஒருமுறை திருப்பியனுப்பலாம் என்ற உரிமையையும் அது தந்தது. நல்ல வேலி. ஆனால் வேலியைக் காப்பது மனிதரன்றோ? 1991 ஜனவரியில், கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்த பின்னும், தமிழக ஆட்சியைக் கலைக்கும் ஆணையில் தமிழராகிய குடியரசுத் தலைவர் வெங்கட்ராமன் கையெழுத்திட்டார். 1997-ல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன ஆலோசனையைக் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் திருப்பியனுப்பினார், மந்திரிசபை அதை மீண்டும் வற்புறுத்தவில்லை. சட்டம் ஒன்று, நாற்காலி ஒன்று, விளைவு இரண்டு.

இன்றைக்கும் அந்தக் கேள்வி தீரவில்லை. கவர்னர் நிறுத்திவைத்த தமிழகச் சட்டமன்றத்தின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவருக்கும் அது மூன்று மாதக் கெடு வைத்தது. அதன்மேல் குடியரசுத் தலைவர் கேள்விகள் எழுப்பினார். கவர்னருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் நாள் குறிக்க இயலாது என்று அவ்வாண்டு நவம்பரில் ஐவர் ஆயம் கருத்துரைத்தது. காரணமின்றி நெடுங்காலம் கிடப்பில் போட்டால் மட்டுமே நீதிமன்றம் தலையிடலாம் என்றது. சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர்கள் பேசட்டும். நாம் கேட்பது எளிய கேள்வி: அந்த மேசையில் கோப்பு அசைவதும் அசையாததும் யார் விருப்பப்படி? மந்திரிசபையின் விருப்பப்படி. மந்திரிசபை யார் சொற்படி? கட்சித் தலைமையின் சொற்படி. ஆகவே கட்சிக்குள் பேச்சுரிமை இருந்தால், கோப்புக்கும் கால் முளைக்கும்.

அந்தப் பேச்சுரிமையின் கதி என்ன? 1967-க்குப் பிறகு, காலையில் ஒரு கட்சி மாலையில் ஒரு கட்சி என்று தாவியவர்களைக் கண்டு நாடு முகம் சுளித்தது. அதைத் தடுக்க 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. தாவலைத் தடுக்க வேண்டியதுதான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சட்டம் தாவும் காலை மட்டும் கட்டவில்லை. பேசும் வாக்கையும் கட்டிவிட்டது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி எந்த மசோதாவில் வாக்களித்தாலும் பதவி போகும். ரூஸ்வெல்ட்டின் மசோதாவை அவர் கட்சியினரே தடுத்தார்களே, அப்படி ஒரு செயலை நம் பார்லிமெண்டில் ஒருவர் செய்தால் அவர் பதவி தப்புமா? 1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற சிலவற்றோடு மட்டும் இத்தடை நிற்கட்டும் என்று சொல்லியது. அந்த யோசனை இன்னும் ஏட்டில்தான் உறங்குகிறது. எதிரும் புதிருமாய் நிற்கும் கட்சிகள் எல்லாம் இதில் மட்டும் ஒரே மனத்தோடு மௌனம் சாதிக்கின்றன. ஏன்? எந்தத் தலைமைக்கும் கேள்வி கேட்கும் உறுப்பினர் பிடிப்பதில்லை.

"ஆளுக்கொரு பேச்சென்றால் ஆட்சி எப்படி நடக்கும்? உறுதியான தலைமை வேண்டாமா?" என்று கேட்பார் சிலர். வேண்டும். தலைமை இல்லாத கட்சி மாலுமி இல்லாத கப்பல், நாம் மறுக்கவில்லை. ஆனால் முன்னே பாறை இருக்கிறது என்று கூவ ஆளில்லாத கப்பலை எந்த மாலுமி கரை சேர்ப்பான்? தலைவனை வாழ்த்தும் ஆயிரம் குரல்கள் அவனைக் காப்பதில்லை. தவறு என்று சொல்லும் ஒரு குரல் காக்கிறது. 1962-ல் நேருவுக்கு அந்தக் குரல் கிடைத்தது. 1975-ல் அவர் மகளுக்குக் கிடைக்கவில்லை; 1977-ல் மக்களே அந்தக் குரலாக மாற வேண்டியதாயிற்று.

ஆகவே நாம் சொல்வது இது. கொறடாவின் அதிகாரம் ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்குகளோடும் வரவுசெலவுத் திட்டத்தோடும் நிற்கட்டும். மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தம் தொகுதியின் குரலாகப் பேசட்டும். கட்சிகளின் உட்தேர்தல்கள், முன்கூட்டி எழுதிய முடிவைப் படிக்கும் சடங்காக இல்லாமல், தேர்தலாகவே நடக்கட்டும். ஆயினும் அமெரிக்கா தரும் எச்சரிக்கையையும் மறக்கக் கூடாது. வாக்குப்பெட்டி வைத்துவிட்டாலே கட்சி உயிர் பெற்றுவிடாது. கிளைக் கூட்டம் கூட வேண்டும். அங்கே விவாதம் நடக்க வேண்டும். மாற்றுக் கருத்துச் சொன்னவன் மறுநாளும் தோழனாகவே நடத்தப்பட வேண்டும்.

இது எதிர்க்கட்சிகளுக்கு மட்டும் நாம் சொல்லும் அறிவுரை என்று எவரும் எண்ணவேண்டாம். கட்சிச் சார்புள்ள ஏடு நம்முடையது. அதை நாம் மறைத்ததில்லை. ஆதலால்தான் இதை முதலில் நம் தோழர்களுக்கே சொல்கிறோம். தலைவரை நேசியுங்கள், அது குற்றமன்று. ஆனால் தலைவர் தவறும்போது எழுந்து நின்று சொல்லத் தயங்கும் நேசம், துரைமார் வாசலில் கிடந்த எலுமிச்சம்பழத்துக்கு உறவுடையது. கட்டவுட்டின் உயரத்தால் கட்சியின் பலத்தை அளக்காதீர்கள். கிளைக் கூட்டத்தில் கடைசி வரிசைத் தொண்டன் எழுந்து பேச முடிகிறதா என்பதைக் கொண்டு அளந்து பாருங்கள்.

தணிகை தமிழகத்தோடு இருப்பது எவர் கருணையாலும் அன்று. முடியாது என்று சொல்லத் துணிந்த சிலர் இருந்தனர். அதைக் கேட்டு மனம் மாறக்கூடிய ஆட்சியும் இருந்தது. இவ்விரண்டும் உள்ளவரை எந்த நாற்காலியும் சிம்மாசனமாகிவிடாது. 365 படிகளையும் ஒரே தாவலில் எவரும் ஏறிவிட முடியாது. குடியாட்சியும் அப்படித்தான்: ஒவ்வொரு படியாக, நிமிர்ந்த முதுகோடு ஏறவேண்டிய மலை அது.